மத்தியானத்துக்கு மேல் ஒரு கண்

பெட்டியைப் பிரித்து, பஞ்சுறையை நீக்கி, ரொவீனா கப்டில் சாப்பாட்டு மேசைமேல் எடுத்து வைத்த லென்ஸைப் பார்த்ததும் அவள் புருஷன் மெரில் கேட்டான்: "மீதி எங்க?"

"மீதின்னா?"

"இது மூடிதானே. இதுக்கடியில ஒரு லென்ஸ் இருக்கணுமே."

"இதுதான் லென்ஸு. இவ்வளவுதான்."

மெரில் அதைக் கையில் எடுத்தான். நாற்பது வருஷமாகக் கயிறு இழுத்துத் தடித்த விரல்களுக்குள் அது காணாமல் போய்விட்டது. டூனா மீன் டப்பா அளவுகூட இருக்காது. முழுக்க உலோகம். விளிம்பில் ஒரு வளையம். திருப்பினால் டக் டக்கென்று ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. அவன் அதைக் காதருகே வைத்து இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான்.

"பன்னண்டு வருஷமா பீரங்கி மாதிரி ஒண்ணச் சுமந்துட்டுத் திரிஞ்ச. இப்ப பட்டாணி சுடுற துப்பாக்கி வாங்கியிருக்க."

"தோள்பட்டையைத் தூக்க முடியல மெரில். அதை இனிமே தொடாதேன்னு ஐவி சொல்லிட்டா."

ஐவி தீவு ஆஸ்பத்திரியின் நர்ஸ். டாக்டர் வாரத்தில் பாதி நாள்தான் தீவில் இருப்பார். மற்ற நாளெல்லாம் ஐவி சொல்வதுதான் வைத்தியம்.

"இதுல தூரத்துல இருக்கிறது கிட்ட வருமா?"

"வராது. நான்தான் கிட்டப் போகணும்."

"அப்ப காசு குடுத்து எதுக்கு வாங்கின? கிட்டப் போறதுக்குக் காலு இருக்கே," என்று சொல்லிவிட்டு மெரில் பீன்ஸ் சட்டியை இழுத்துக்கொண்டான். சனிக்கிழமையென்றால் அந்த வீட்டில் வெல்லப்பாகு ஊற்றி நாளெல்லாம் அடுப்பில் வெந்த பீன்ஸும் பழுப்பு ரொட்டியும்தான். அவன் அன்றைக்கு அரைத்தட்டோடு எழுந்துவிட்டான். ரொவீனா அதைக் கவனித்தாள். ஆனால் புது லென்ஸ் மேலிருந்த ஆசையில் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கனடாவின் கிழக்குக் கரையோரத்துக் கிராண்ட் மனான் தீவுக்கு வருஷப் பிறப்பு ஜனவரியில் இல்லை. நவம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. அன்று காலை ஏழு மணிக்குத்தான் சிங்கி இறால் பிடிக்கக் கூண்டு போடலாம். அதற்கு முன்னால் ஒரு கூண்டு தண்ணீரில் நனைந்தாலும் குற்றம். அக்டோபர் கடைசியில் துறை முழுக்கக் கூண்டுகள் மாடி மாடியாக ஏறும். இரைக்கு உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனின் நாற்றம் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் கயிறு கடன் கேட்கப் பேச்சை ஆரம்பிப்பார்கள். ரொவீனாவுக்கும் அப்போதுதான் வேலை. மற்ற மாதங்களில் அவள் டல்ஸ் என்கிற தின்னும் கடற்பாசிக் கொட்டகையில் உட்கார்ந்து, காய்ந்த செம்பாசியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் கல்லையும் பொறுக்குவாள். நடுநடுவே கல்யாணம், ஞானஸ்நானம் என்று படம் எடுப்பாள். கூண்டு போடும் நாளுக்கு முன்னால் மட்டும் தீயணைப்பு நிலையத்துக் காலண்டருக்காகப் படகு படகாக எடுக்கவேண்டும்.

பழைய லென்ஸில் அது சுலபம். எதிர்த் துறையில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே படகை வெட்டி எடுத்துவிடலாம். மனிதர்கள் கடுகு கடுகாய்த் தெரிவார்கள். காலண்டரில் தன் முகம் எது என்று அவரவரே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தச் சின்ன லென்ஸ் அப்படி விடவில்லை. மனிதன் சும்மா நின்று பார்க்கும்போது எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அதற்கும் தெரிந்தது. எதையும் இழுத்துக் கொண்டுவரவும் இல்லை, அகட்டிக் காட்டவும் இல்லை. ஒரு முழுப் படகு சட்டத்துக்குள் வரவேண்டுமென்று முதல் நாள் அவள் துறையில் பின்னாலேயே நடந்தாள். கண் கேமராவில். கடல் வற்றியிருந்த நேரம் வேறு, துறை விளிம்புக்குக் கீழே இருபதடி ஆழத்தில் சேறு.

"ஏம்மா ரொவீனா! இன்னும் ரெண்டு அடி வச்சா நேரா மோட்சந்தான்!" என்று வெண்டல் கத்தினான். அவன் படகு மெரிலின் படகுக்குப் பக்கத்துக் கட்டு.

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு யோசித்து, பின்னால் போவதை விட்டு இரும்பு ஏணியில் இறங்கி வெண்டலின் படகுக்குள்ளேயே போய்விட்டாள். சுக்கான் அறை நாலு பேர் நிற்கத்தான் கொள்ளும். உள்ளே நின்று எடுத்தபோது, வெண்டலின் முகமும் கையும் டீக்கோப்பையும் ஜன்னலில் வழிந்த உப்புத் தண்ணீரும் என எல்லாம் அளவாக உட்கார்ந்தன.

"இவ்வளவு கிட்ட வர்றியே, முத்தம் கித்தம் குடுக்கப் போறியா?"

"உன் பொண்டாட்டி குடுக்கிறாளான்னு முதல்ல கேட்டுச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

படகுப் பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் எடுத்தாள். பெரிய லென்ஸைத் தூக்கினால் விறைத்துக்கொண்டு நிற்கிற மனிதர்கள், இதைப் பார்த்து ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பேச்சை நிறுத்தாமலே இருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஏழு படகு ஏறி இறங்கிவிட்டாள். இந்த வருஷக் காலண்டரில் படகு வேண்டாம், ஆள்தான் என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள்.

இன்னொன்றும் அவளுக்குப் புதிதாக இருந்தது. அவளுடைய மிரர்லெஸ் கேமரா வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பழைய பிலிம் சட்டம் அளவுக்கே உள்ளே பெரிய சென்ஸார்; ஃபுல்ஃப்ரேம் என்பார்கள். அது ஆளைப் பார்த்ததும் தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கடுகு மனிதர்களை எடுத்த வரைக்கும் அதற்கு வேலை இல்லை. இப்போது முகம் கிட்டே வந்ததும், திரையில் அரிசி அளவு மஞ்சள் கட்டம் ஒன்று தோன்றி, கோழி தானியம் கொத்துவதுபோலக் கண்ணில் போய் உட்கார்ந்தது. எந்தக் கண் முன்னால் இருக்கிறதோ அதில் உட்காரும். ஆள் தலையைத் திருப்பினால் மறு கண்ணுக்குத் தாவும். வளையத்தைத் திருப்பித் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டால் அந்தக் கண் மட்டும் கத்தியாய் நிற்க, காது மங்கிவிடும். அவள் குழந்தைபோல அந்தக் கட்டத்தை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள். தபால் நிலையத்தில், கடையில், பாதிரியாரின் முகத்தில், வீட்டு நாய் பிஸ்கட்டின் முகத்தில். நாயின் கண்ணையும் அது விடவில்லை.

மெரிலை எடுத்தபோதுதான் அது அடம்பிடித்தது.

அவன் சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து மிதவைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சும் வெள்ளையும் கப்டில் வீட்டு நிறம். ரொவீனா அவன் இடப்பக்கமாகப் போய்க் குனிந்தாள். இடது கண் முன்னால் இருக்கிறது. கட்டம் இடது கண்ணுக்கு வரவேண்டும். வரவில்லை. மூக்கைத் தாண்டி அந்தப் பக்கத்து வலது கண்ணில் போய் உட்கார்ந்தது. அவள் இன்னும் இடப்பக்கம் நகர்ந்தாள். கட்டம் கொஞ்சம் தடுமாறியது. முகம் முழுக்கப் பெரிய சட்டமாக விரிந்தது. மறுபடி வலதுக்கே ஓடியது.

"என்ன ஈ மொய்க்கிற மாதிரி சுத்தற?"

"லென்ஸு சரியில்ல போலிருக்கு."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. மீதிய அனுப்ப மறந்திருப்பான்."

மறுநாள் காலை டீ குடிக்கும்போது எடுத்தாள். கட்டம் சமர்த்தாக இடது கண்ணில் உட்கார்ந்தது. சாயங்காலம் மறுபடி அடம். ரொவீனாவுக்குத் தூக்கம் கெட்டது. கோபமில்லை, அரிப்பு. சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள்.

வாங்கின கடை, கப்பலேறிப் போகவேண்டிய செயின்ட் ஜான் நகரத்தில் இருந்தது. போன் போட்டாள். லியோனல் என்று ஒருவன் எடுத்தான்.

"அம்மா, லென்ஸுக்கு வலது இடதெல்லாம் தெரியாதும்மா."

"எங்க வீட்டுக்காரர் மூஞ்சியில மட்டும் தெரியுதே."

"வெளிச்சம் ஒரு பக்கமா விழுதோ என்னமோ."

"சாயங்காலம்தான் இப்படிப் பண்ணுது. குளிருல வளையம் இறுகிப் போகுமா?"

"அந்த லென்ஸ வச்சு ஆர்க்டிக்ல கரடி எடுக்கிறாங்கம்மா. வேற யார் மூஞ்சியிலயாவது பாத்தீங்களா?"

"பாத்தேன். எம் பொண்ணு, வெண்டல், பாதிரியார், நாய்."

"நாய்க்கு எப்படி இருக்கு?"

"நாய்க்கு ரெண்டு கண்ணும் பிடிக்குது."

"அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, ஒரே தூரம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு எடுங்க. ரெண்டு நேரமும் தப்பாப் பிடிச்சா லென்ஸ அனுப்புங்க. இல்லேன்னா…"

"இல்லேன்னா?"

"இல்லேன்னா லென்ஸ் மேல தப்பில்லம்மா."

நவம்பரில் அந்தத் தீவில் காலை ஆறு மணியும் இருட்டு, மாலை ஆறு மணியும் இருட்டு. அதனால் சோதனைக்குச் சௌகரியம். சமையலறை மேசையின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, கால் வைக்கும் இடத்தில் தரையில் நாடா ஒட்டினாள். மேலே ஒரே விளக்கு. நாலு நாள், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் மெரில் அதில் உட்காரவேண்டும். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் கொஞ்சம் காட்டி ஒரு படம்.

"ஜெயில்ல போடறவனக்கூட ஒரு தடவதான் எடுப்பாங்க," என்று மெரில் முனகினான். இருந்தாலும் உட்கார்ந்தான். முப்பது வருஷ தாம்பத்தியத்தில், அவள் எதையாவது பிடித்துக்கொண்டால் குறுக்கே நிற்பதைவிட உட்கார்ந்துவிடுவது சீக்கிரம் முடியும் என்று கற்றிருந்தான்.

நாலாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் மடிக்கணினியில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். காலை ஆறு, மாலை ஆறு. அதே விளக்கு, அதே சட்டை, அதே மனிதன். பெரிதாக்கினாள். அந்தச் சின்ன லென்ஸ் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தது. காலைப் படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருந்தன. மாலைப் படத்தில் இடது இமை, யாரோ ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டதுபோலக் கருவிழி மேல் இறங்கியிருந்தது. பாதிக் கண்தான் மிச்சம். அதைக் கண் என்று கேமரா ஒத்துக்கொள்ளவில்லை.

ரொவீனா மற்ற நாள் படங்களையும் திறந்தாள். நாலு காலை, நாலு மாலை. நாலு மாலையும் அதேதான். பக்கத்திலேயே படுக்கிறேன், தினமும் சோறு போடுகிறேன், இது என் கண்ணில் படவில்லையே என்று எட்டையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

மகள் டெஸ் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள். இருபத்தாறு வயது. ஆறு வருஷமாக அப்பாவின் படகில் பின்தட்டில் நின்று கூண்டு தள்ளுகிறவள். படத்தைப் பார்த்தாள். பார்வையை எடுத்து, கழற்றிய பூட்ஸைச் சுவரோரம் நேராக வைத்தாள். ரொவீனாவுக்கு அதுவே போதும்.

"உனக்குத் தெரியுமாடி?"

"அம்மா…"

"தெரியுமா தெரியாதா?"

"மூணு வாரமா ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான் படகு ஓட்டுறாரு. போன வாரம் துறையில இடிச்சாரு பாரு, அது காத்துனால இல்ல. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"நான் யாரு இந்த வீட்டுல? படம் எடுக்க வந்தவளா?"

மெரில் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஹேடக் மீன் வறுவல், அவித்த உருளைக்கிழங்கு. மடிக்கணினி மேசையிலேயே திறந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு முள்கரண்டியை எடுத்தான். மீன் ஒரு விள்ளல். மென்றான். மெல்ல மெல்லத் தாடை களைத்துப்போவதை, இப்போது தேடிப் பார்த்த ரொவீனா பார்த்தாள். அவன் மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டான். யோசனை செய்கிற மாதிரி.

"எத்தன நாளா?" என்றாள்.

"என்ன எத்தன நாளா?"

"மெரில்."

அவன் கரண்டியை வைத்தான். குரல் மூக்கால் வந்தது. "செப்டம்பர்ல, லேபர் டேக்கு அப்புறம். மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமில்ல ரோ. மத்தியானத்துக்கு மேல ஒரு மிதவை ரெண்டாத் தெரியும். எது நிஜம்னு பாத்து அதைப் பிடிக்கணும். ஒரு கண்ண மூடினா ஒண்ணாயிடும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ரெண்டு கல்லு தெரிஞ்சா எந்தக் கல்லுல மோதுவ?"

"செவ்வாக்கிழமைக்கு அப்புறம் பாத்துக்கலாம். முதல் நாள் எடம் பிடிக்கலேன்னா வருஷம் பூராவும் அடுத்தவன் மிச்சம்தான். உனக்குத் தெரியாதா?"

"நான் ஓட்டுறேன்," என்றாள் டெஸ்.

"நீ பின்தட்டப் பாரு."

"பின்தட்ட நம்ம படகுப் பையன் லைல் பாத்துக்குவான். நான் ஓட்டுறேன்."

"முதல் நாளு, நூறு படகு, ஆளாளுக்குக் குறுக்க வெட்டுவான். படகு நெறைய கூண்டு. மேல்பாரம். ஒரு அலை பக்கவாட்டுல அடிச்சாக் கவுந்துரும். உனக்கு என்ன தெரியும்?"

"ஒரே ஒரு படகு இருக்கிறது எனக்கு ஒண்ணாத் தெரியும்."

மெரில் முகம் சிவந்தது. உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு ஏதோ சொல்லப் போனவனுக்கு அது தொண்டையில் நின்றது. இருமினான். தண்ணீர் குடித்தான், தண்ணீர் மூக்கால் வந்தது. டெஸ் எழுந்து அவன் முதுகைத் தட்டினாள். அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகு மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் மட்டும் மீனைப் பார்த்தது.

ரொவீனா கத்தவில்லை. கத்தினால் அவன் கொட்டகைக்குப் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி, ஐவிகிட்ட வரவேணாம். ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. காலையில எப்படிச் சரியாப் போகுது?"

மெரில் நிமிர்ந்தான். "அதுதான் எனக்கும் புரியல. பாரிசவாதம்னா போனது போனதுதான். எங்கப்பாவுக்கு வந்துச்சே. இது அப்படியில்ல. மத்தியானம் ட்ரக்குல அரைமணி கண்ண மூடிப் படுத்தாக்கூட கொஞ்சம் தேவலாம் ஆகுது. பேட்டரி மாதிரி."

"நீ சோதிச்சுப் பாத்தியா?"

"கலங்கரை விளக்க வச்சுத்தான். எந்நேரத்துக்கு ரெண்டாகுதுன்னு பாத்து வச்சிருக்கேன். முதல்ல நாலு மணி. இப்ப ரெண்டு மணி ஆயிட்டுது."

"அது என்னன்னு தெரிஞ்சுக்க உனக்கு ஆசையா இல்ல?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். ஆனால் மறுநாள் மூன்று மணிக்கு, கூண்டு ஏற்றுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ட்ரக்கைக் கொண்டுவந்து டல்ஸ் கொட்டகை வாசலில் நிறுத்தினான். "அந்தப் பட்டாணித் துப்பாக்கிய எடுத்துட்டு வா," என்றான். "போட்டோவ ஐவிகிட்ட நீயே காமி. எனக்கு விளக்க வராது."

ஐவி எட்டுப் படங்களையும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். அவளும் அந்தத் தீவில் பிறந்தவள். மெரிலோடு ஒரே வகுப்பு.

"இதை எதுக்குடி எடுத்த?"

"லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன்."

"நல்லாக் கெட்டுப்போச்சு." அவள் மெரில் பக்கம் திரும்பினாள். "மேல விட்டத்தப் பாரு. தலையைத் தூக்காத, கண்ண மட்டும். நான் சொல்ற வரைக்கும் எறக்காத."

மெரில் பார்த்தான். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். வலது கண் அப்படியே இருக்க, இடது இமை நனைந்த துணிபோல மெல்ல மெல்லக் கீழே வந்தது.

"போட்டோ எடு," என்றாள் ஐவி. "உன் கட்டம் எங்க உக்காருதுன்னு எனக்குக் காமி."

ரொவீனா அவனுக்கு இடப்பக்கம் மண்டியிட்டாள். கட்டம் மூக்கைத் தாண்டி வலது கண்ணுக்குப் போனது. ஐவி தலையாட்டிவிட்டு உள்ளே போய், ரப்பர் கையுறையில் ஐஸ்கட்டியை நிரப்பி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். இடது கண்ணை மூடச் சொல்லி அதன்மேல் வைத்தாள்.

"ஐஸா? இதுக்கா வந்தேன்? துறையில ரெண்டு டன் கெடக்கு," என்றான் மெரில்.

"வாய மூடு. கண்ணையும் மூடு. ரெண்டு நிமிஷம்."

சுவர்க்கடிகாரத்தின் முள் இரண்டு சுற்று வரக் காத்திருந்தார்கள். கன்னத்தில் தண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. ஐவி கையுறையை எடுத்தாள், துண்டால் துடைத்தாள்.

"தொற."

திறந்தான். ரொவீனா அதே இடத்தில் மண்டியிட்டபடியே கேமராவை உயர்த்தினாள். மஞ்சள் கட்டம் வந்து இடது கண்ணில் உட்கார்ந்தது. தடுமாறவில்லை, நேராக வந்து உட்கார்ந்தது.

"இன்னொண்ணு எடு," என்றாள் ஐவி. எடுத்தாள். இடது கண்ணேதான். இமை மேலே ஏறி, சாம்பல் நிற விழி முழுசாகத் தெரிந்தது.

"என்னடி மந்திரம் இது?" என்றான் மெரில். அவன் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் கூடுதலாக இருந்தது.

"மந்திரமில்ல. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரல. முதல் நூறு தடவ சேருது, அப்புறம் சேரல. குளிரு பட்டா கொஞ்ச நேரம் சேரும். இப்படி ஒரு நோய் இருக்கு. நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல. அதுதானான்னு ரத்தம் பாத்துப் பெரிய டாக்டர்தான் சொல்லணும்." அவள் நாற்காலியை அவன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப நெசத்தச் சொல்லு. சாப்பாடு தொண்டையில நிக்குதா?"

மெரில் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நிக்குது," என்றாள் ரொவீனா.

"அப்ப இது கண்ணோட நிக்கல. தொண்டைக்கு வந்தது நெஞ்சுக்கு வரும். மூச்சு இழுக்கிறதும் தசைதான் மெரில். கடல்ல பன்னண்டு மைலுக்கு அப்பால அது களைச்சுப்போனா உன்னை யாரு தூக்கிட்டு வருவா? நான் இப்பவே செயின்ட் ஜானுக்குப் பேசறேன். அடுத்த கப்பல் போற."

"செவ்வாக்கிழமை கூண்டு…"

"செவ்வாக்கிழமை கூண்டு போடுவாங்க. நீ போட மாட்ட."

செயின்ட் ஜானில் அவனை ஆறு நாள் வைத்துக்கொண்டு, கூண்டு போடும் நாளுக்கு முந்தின நாள்தான் விட்டார்கள். ஐவி சந்தேகப்பட்ட தசைக்களைப்பு நோய்தான். நீளமான பெயரை மெரில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். மாத்திரை போட்ட முதல் நாள், முக்கால் மணி நேரத்தில் ஒரு முழு மாட்டிறைச்சித் துண்டை நிறுத்தாமல் மென்று தின்றான். ரொவீனா ஆஸ்பத்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். மற்ற மருந்துகள் வேலை செய்ய மாதங்கள் ஆகும். அதுவரை சுக்கான் தொடக்கூடாது, கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். மெரில் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தன் லைசென்ஸில் டெஸ் படகு ஓட்டுவதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். முதல் கூண்டு எங்கே என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வடமேற்கு வாடை அடித்தது, தாங்கக்கூடிய காற்றுதான். ஆறரைக்கே மெரில் ட்ரக்கை இங்கல்ஸ் ஹெட் துறையின் அலைதடுப்புக் கல்வரிசை மேல் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான். ரொவீனாதான் ஓட்டினாள். எதுவும் இரண்டாகத் தெரியாமலிருக்க, ஆஸ்பத்திரியில் கொடுத்த மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில் மங்கல் காகிதம் ஒட்டியிருந்தது. பிளாஸ்க்கில் டீ, மடியில் ஒரு காகிதப்பை நிறைய டல்ஸ். ட்ரக்கின் ரேடியோவில் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். கூண்டு மலைகளைச் சுமந்துகொண்டு, பக்கவாட்டில் தண்ணீர் தொடுமளவுக்கு அழுந்திய படகுகள் துறைவாயில் நெருக்கியடித்து நின்றன. அவற்றில் கப்டில் வீட்டுப் படகு 'வினிஃப்ரெட்'. சுக்கான் அறை ஜன்னலில் டெஸ்ஸின் சிவப்புத் தொப்பி.

துறையில் கார்கள் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன. ஏழு அடித்தது. எல்லா எஞ்சினும் ஒரே மூச்சில் உறுமின.

"மெதுவா, மெதுவா," என்றான் மெரில், ட்ரக்கின் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு. "அவனை முன்னால விடு. வெண்டலை விட்டுரு. ஆங்… அப்படித்தான்."

வினிஃப்ரெட் துறைவாயைத் தாண்டியது. அலையில் ஒரு பக்கம் சாய்ந்தது. கூண்டு மலை சாய்ந்தது. மெரிலின் கை ரொவீனாவின் முழங்காலை வந்து பிடித்தது. படகு நிமிர்ந்தது.

"இப்ப தெக்க திரும்புவா," என்றான். "மூணு பாறை. எங்கப்பா காலத்துலருந்து நம்ம முதல் கூண்டு மூணு பாறையிலதான்."

மற்றப் படகுகள் தெற்கே திரும்பின. வினிஃப்ரெட் திரும்பவில்லை. நேராகக் கிழக்கே போனது. தனியாக.

"எங்க போறா?" மெரில் ட்ரக்கின் முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். "அங்க கழுதை மேடுதானே இருக்கு. சேறு. அங்க எவனும் போடமாட்டான். என்ன பண்றா இவ?"

அவன் ரேடியோவின் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தான். பெருவிரல் பொத்தான் மேல் இருந்தது. ரொவீனா தடுக்கவில்லை. டீயை மூடியில் ஊற்றிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுத்தவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தான்.

ரேடியோவில் வெண்டலின் குரல் கரகரத்தது: "மெரில், கேக்குதாப்பா? உன் பொண்ணு வழிதப்பிப் போறாடா. ஐரோப்பா பக்கம் போறா. கூப்பிட்டுச் சொல்லு."

நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மெரில் பொத்தானை அழுத்தினான்.

"வழியெல்லாம் தப்பல," என்றான். குரல் தெளிவாக இருந்தது. ஆறு மணி மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. "எங்க போறோம்னு அவளுக்குத் தெரியும். நீ உன் கயித்தப் பாரு."

பொத்தானை விட்டான். மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, முன்கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோய், ஒற்றைக் கண்ணால் கிழக்கே சின்னதாகிக்கொண்டிருந்த படகைப் பார்த்தான். பின்தட்டிலிருந்து முதல் கூண்டு விழுந்தது. பின்னாலேயே கயிறு ஓடியது. ஆரஞ்சு வெள்ளை மிதவை ஒன்று அலையில் ஏறி நின்றது.

"ரோ," என்றான் தாழ்ந்த குரலில். "அந்தச் சேத்துல அப்படி என்னதான் பாத்தா இவ?"

"சாயங்காலம் வருவா. கேளு."

"சாயங்காலம் வரைக்கும் தெரியாம இருக்கணுமா?" என்றான் மெரில்.